ஆறில் ஒருவரை விடுவது எப்படி?

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. போனை எடுக்கப் பயந்துகொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனை எடுத்தால் ஐந்து பெயர்களுக்கு டிக் போட வேண்டும், ஆறாவது பெயரை விட வேண்டும். ஊரே அதற்காகக் காத்திருக்கிறது. "முக்கியமா ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன்" என்று செம்மொழியிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். செம்மொழி என் மனைவி. என் கதைகளைப் படிக்கும் முதல் ஆள். சில கதைகளுக்குக் கடைசி ஆளும் அவள்தான்.

என் பெயர் பரிதி. ஒரத்தநாட்டில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறேன். ஓய்வு நேரத்தில் கதை எழுதுவேன். (கடையில் ஓய்வு நேரம் நிறைய.)

முதலில் இப்படித் தொடங்கினேன்:

காவிரி தன் கிளைக்கரங்களை நீட்டி அரவணைக்கும் இப்பொன்னி நாட்டில், அறிவியலின் அற்புதமாம் இணையம் என்னும்—

எங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. செம்மொழி பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்னங்க இது, கொடியேத்துறப்ப பேசுற பேச்சா?"

எழுதியதை அடித்துவிட்டேன். அடுத்து இது:

மலர்க்கொடி மதகுச் சுவரில் உட்கார்ந்து மலேசியாவுக்குத் தமிழ்ப்பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வாத்துகள் வந்தன.

"இது பரவால்ல," என்றாள். "இங்கேருந்து வாங்க."

வருகிறேன்.

2

மலர்க்கொடி மதகுச் சுவரில் உட்கார்ந்து பாடம் நடத்தியது நிஜம். வாத்துகளும் நிஜம். அறுவடை முடிந்த வயலில் மேய்ந்துவிட்டுக் கூட்டமாகக் கரையேறும். போனுக்குள்ளிருந்து ஒரு பையன் கேட்டானாம்: "டீச்சர், உங்க பின்னாடி யாரு சிரிக்கிறாங்க?"

"வாத்துடா."

"அது உங்க ஸ்டூடண்டா?"

"ஆமா. உன்னைவிட ஒழுங்கா வருது."

வீட்டை விட்டுவிட்டு ஏன் மதகில் உட்கார வேண்டும்? நாங்கள் குடியிருக்கும் சேந்தங்கோட்டகம் சின்ன ஊர் (பெயரை மாற்றியிருக்கிறேன், தேடாதீர்கள்). இணைய இணைப்பு கொடுக்க எந்த நிறுவனமும் வரவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நீடாமங்கலத்திலிருந்து நாங்களே கேபிள் இழுத்துக்கொண்டு வந்தோம். அதற்கு ஒரு சங்கமும் வைத்தோம்: இணையப் பயனாளர் சங்கம். அந்தக் கேபிள் வாய்க்காலின் மேற்குக் கரையில் கடைசி வீட்டோடு நின்றுவிட்டது. சிக்னல் மதகுச் சுவர்வரை எட்டும். கீழத்தெரு வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிறது. மலர்க்கொடியின் வீடு அங்கேதான். அங்கே போன் டேட்டாவில் படம் ஓடாது, வட்டம்தான் சுற்றும்.

கம்பம் நட்டு மேலே இழுத்தால் என்ன என்று கேட்பீர்கள். இழுத்தோம். அறுவடை மிஷின் கரைவழியே போகும்போது நெல்லோடு சேர்த்துக் கேபிளையும் அறுத்துவிட்டது. ஆகவே வாய்க்கால் தரைக்கு அடியில்தான் போக வேண்டும். வாய்க்கால் காய்ந்திருக்கும்போதுதான் தோண்ட முடியும். மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டால் தை மாதம்வரை கைவைக்க முடியாது.

இந்த வருடம் ஒரு பக்கத்துக்குத்தான் கேபிளை நீட்ட முடியும். வடக்கே கோயில் தெருவுக்கா, கிழக்கே கீழத்தெருவுக்கா? சங்கத்தின் புதிய போர்டு முடிவு செய்யும். மலேசியக்காரர்களோ, அடுத்த பருவத்தில் நடுவில் அறுந்துபோகாத வகுப்பு வேண்டும், இல்லாவிட்டால் வேறு டீச்சர் என்று சொல்லிவிட்டார்கள். மலர்க்கொடி தஞ்சாவூரில் போய் அறை எடுத்துத் தங்க வேண்டும். அல்லது வேலையை விட வேண்டும்.

"ஊரை விட்டுப் போக எனக்கு ஆசையில்லண்ணே," என்றாள் என்னிடம். "இந்தச் சொவத்துலேருந்து எங்க வீட்டுக்குக் கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்கு நான் ஏன் தஞ்சாவூர் சுத்திப் போகணும்?"

அதனால் போர்டுக்கு நின்றாள். போர்டுக்குள் உட்கார்ந்தால் கேட்கலாம், வெளியே நின்றால் கெஞ்சத்தான் வேண்டும்.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மலர்க்கொடி ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். செம்மொழியும் அதையே சொன்னாள்: "அவளுக்கு ஒரு கெட்ட குணமாவது குடுங்க, நம்புற மாதிரி இருக்கும்." யோசித்துப் பார்த்தேன். போன வருடம் என் கதை ஒன்றைப் படித்துவிட்டு, "இதுக்கு மிச்சம் எங்கண்ணே?" என்று கேட்டாள். அது முழுக்கதை. இந்தக் குணம் போதும்.)

3

சங்கத்துக்கு ஐந்து போர்டு உறுப்பினர்கள். தேர்தல் இணையத்தில்தான். பாதிப் பேர் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். தவிர, இணையத்துக்கு ஒரு சங்கம் வைத்துக்கொண்டு சீட்டு எழுதி மஞ்சள் பையில் போட்டால் நன்றாகவா இருக்கும்?

விதிகளை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. "நீங்கதான் எதையாவது எழுதிக்கிட்டே இருக்கீங்களே" என்பதுதான் என் தகுதி.

விதி ஒன்று: இணையப் பயனாளர் யார்? முதலில், 'யார் வீட்டில் ரூட்டரின் பச்சை விளக்கு எரிகிறதோ அவர்' என்று எழுதினேன். அப்படியென்றால் கீழத்தெருவில் ஒருவருக்கும் வாக்கில்லை. அடித்துவிட்டு, 'யார் போனில் வட்டம் சுற்றுகிறதோ அவர்' என்று மாற்றினேன். ஊர் மொத்தமும் உள்ளே வந்துவிட்டது.

விதி இரண்டு: ஒரு போனுக்கு ஒரு வாக்கு.*

விதி மூன்று: வாட்ஸப் குழுவில் வாக்கெடுப்பு. யார் யாருக்குப் போட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வெளிப்படைத்தன்மை! (ஆச்சரியக்குறியும் விதியிலேயே இருக்கிறது. அப்போது எனக்கு அவ்வளவு உற்சாகம்.)

விதி நான்கு: ஒருவர் ஐந்து பேருக்கு மேல் போடக் கூடாது.

இதை அம்சம் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. டீக்கடை வைத்திருப்பவர், அவரும் வேட்பாளர். "நிக்கிறது ஆறு பேரு. அஞ்சு பேருக்குப் போட்டுட்டு ஆறாவது ஆளுக்கு நாளைக்கு நான் எப்படித் தம்பி டீ ஆத்துறது? பந்தில ஒரு எலைய மட்டும் தாண்டிட்டுப் போற மாதிரி இருக்காது?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. 'எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் போடலாம்' என்று திருத்தினேன். இந்தக் கதையின் அத்தனை தலைவலியும் அந்த ஒரு திருத்தத்தில் இருக்கிறது.

விதி ஐந்து: மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் டிக் போடக் கூடாது.

விதி ஆறு: வாக்குகள் சமமாக வந்தால், விதிகளை எழுதியவர் (அதாவது அதுவரை வாக்களிக்காத நான்) டிக் போட்டு முடிவு செய்வார். படிக்க எடுப்பாக இருந்ததால் சேர்த்தேன். தேவைப்படும் என்று யார் நினைத்தது?

* கணவன் மனைவிக்கு ஒரே போன் என்றால் ஆறு மணிக்குள் சமாதானமாகிவிட வேண்டும்.

4

வேட்பாளர்களைச் சொல்லிவிடுகிறேன். மலர்க்கொடி, அம்சம் அக்கா, செல்போன் கடை ஃபஹத், பொக்லைன் வைத்திருக்கும் ரெத்தினம், சென்னையில் இருந்துகொண்டு கோயில் தெரு வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் வெங்கடசுப்ரமணியன் சார், அண்ணாதுரை.

(அண்ணாதுரைக்கு இந்தக் கதையில் வேலையில்லை. "அப்புறம் எதுக்கு அவரு?" என்றாள் செம்மொழி. விட்டால் என்ன நினைப்பார்?)

ஆறு மணி அடித்தது. முடிவைப் பார்த்தோம். ஐந்து பேருக்குத் தலா நூற்று நாற்பத்து மூன்று. மலர்க்கொடிக்கு நூற்று நாற்பத்திரண்டு.

எல்லாரும் எல்லாருக்கும் போட்டிருந்தார்கள். பெயர் தெரியும் என்கிறபோது யார்தான் யாரை விடுவார்? பிள்ளைக்குக் காது குத்தியதற்கு வந்தவரை விட முடியுமா? மோட்டார் ரிப்பேரானபோது தண்ணீர் விட்டவரை? அந்தப் பந்தியில் ஒரே ஓர் இலையில் ஒரு கரண்டி குறைந்துவிட்டது.

 மேற்கே இருக்கும் யாரோ கிழக்கே இருப்பவளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று ஆகிவிட்டது. எங்கள் ஊரில் இந்தக் கரை, அந்தக் கரை என்கிற பழைய கதை எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சொல்லாமலிருக்க முடியாமல் ஒவ்வொருவராக ஸ்கிரீன்ஷாட் போட ஆரம்பித்தார்கள். 'நான் போட்டேன்.' 'நானும்.' 'எங்க வீட்டுல மூணு போனும்.' வெங்கடசுப்ரமணியன் சார் தன் டிக்கைப் பெரிதாக்கி, சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டே அனுப்பினார்.

கடைசியில் எல்லாரும் டீக்கடையில் கூடியபோது அம்சம் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். மலர்க்கொடிக்குப் போடாதது ஒரே ஒரு ஆள். மலர்க்கொடி.

"ஏன்டி?" என்றார் அக்கா.

"எனக்கு நானே எப்படிக்கா போட்டுக்கறது? வெக்கமா இருக்காதா?"

டீக்கடையில் சிரிப்பு எழுந்து, பாதியில் நின்றது. மற்ற ஐந்து பேரும் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டவர்கள்.

5

முதலில் அம்சம் அக்காவின் டிக் அம்சம் அக்காவின் பெயரிலிருந்து மறைந்தது. பிறகு ஃபஹத். பிறகு ரெத்தினம். அண்ணாதுரை. (பார்த்தீர்களா, வேலை வந்துவிட்டது.) சென்னையிலிருந்து ஒரு அழைப்பு.

"பரிதி, நான் எனக்குப் போட்டுண்டது தப்பாப்பா?"

"விதிப்படி தப்பில்ல சார்."

"விதிய விடு. மூஞ்சிப்படி?"

 அவர் டிக்கும் மறைந்தது. ஆறு மணிக்கு மேல் போடக் கூடாது என்றுதான் விதி, எடுக்கக் கூடாது என்று இல்லை. இப்போது ஆறு பேருக்கும் நூற்று நாற்பத்திரண்டு. ஐந்து நாற்காலி. விதி ஆறு என்னைத் திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து ஐந்து பேரும் தனித்தனியாக, மற்றவருக்குத் தெரியாமல் என்னை அழைத்துச் சொன்னது ஒன்றுதான்: "அந்தப் பொண்ண விட்டுடாதீங்க." ஒரு செருமல். "என்னையும் விட்டுடாதீங்க."

மலர்க்கொடி மட்டும் அழைக்கவில்லை.

6

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: நான் துணிந்து ஒருவரை விடுகிறேன். விடப்பட்டவர் பெருந்தன்மையோடு என்னைத் தழுவிக்கொண்டு— (நம்ப முடியவில்லை. ரெத்தினம் தழுவினால் எலும்பு மிஞ்சாது.)

முடிவு ஆ: நானும் ஆறு பேருக்கும் போட்டுவிடுகிறேன். மறுபடி சமம். மறுபடி விதி ஆறு. மறுபடி நான். (உண்மையில் என் கை இதைத்தான் செய்யப் பார்த்தது. செம்மொழி மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.)

முடிவு இ: போர்டுக்கு ஆறு நாற்காலி. ஆனால் ஆறு பேர் என்றால் வடக்குக்கு மூன்று, கிழக்குக்கு மூன்று என்று நிற்கும். அதை யார் தீர்ப்பார்? யாரோ ஒருவரை விதி எழுதச் சொல்வார்கள்.

"நீங்க எல்லாரையும் நல்லவங்களாவே எழுதி வச்சா எவரை விடுவீங்க?" என்றாள் செம்மொழி. "ஒருத்தரையாவது கெட்டவரா ஆக்குங்க."

"இங்கேயே குடியிருக்கணுமேம்மா."

7

நான் இப்படி முடிவுகளை எழுதி அடித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டது. மலர்க்கொடியிடமிருந்து குரல்செய்தி வந்தது:

"அண்ணே, நீங்க நிதானமா யோசிங்க. தண்ணி யோசிக்காது. வாய்க்கா அடியில வெறும் கொழாய மட்டும் பதிச்சுக்கறோம். கேபிள் வேணுமா வேணாமான்னு போர்டு சொல்லட்டும். வெறும் கொழா பதிக்கக் கூடாதுன்னு எந்த விதில இருக்கு?"

என் விதிகளை நானே தேடிப் படித்தேன். எதிலும் இல்லை. என் எழுத்தில் விடுபட்ட ஒன்று முதன்முறையாக யாருக்கோ உதவியது.

போய்ப் பார்த்தேன். கீழத்தெரு ஆட்கள் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார்கள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மலர்க்கொடியும் வெட்டிக்கொண்டிருந்தாள். ரெத்தினத்தின் பொக்லைனும் நின்றது.

"நான் வடக்குப் பக்கந்தான்," என்றார் ரெத்தினம், நான் கேட்காமலே. "தூர் வாரத்தான் வந்தேன். குறுக்க ஒரு கோடு விழுந்துடுச்சு."

ஃபஹத் குழாய் கொண்டுவந்திருந்தார். வெறும் குழாயைப் பதித்தால் பின்னால் கேபிளை உள்ளே நுழைக்க முடியாது. அதனால் பதிக்கும்போதே உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவைப்பார்கள். பிறகு ஒரு முனையில் கேபிளைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தால் போதும். கயிற்றின் கிழக்கு முனையை மலர்க்கொடி தன் வீட்டு முருங்கைமரத்தில் கட்டினாள். மேற்கு முனையை என்னிடம் நீட்டினாள்.

"இதையாவது யாரையும் கேக்காம கட்டுங்கண்ணே."

மதகுச் சுவரின் இரும்பு வளையத்தில் கட்டினேன். இன்று காலை தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக, குழாய் கிடக்கும் இடத்தைத் தாண்டி, ஒன்றும் தெரியாததுபோலப் போனது. குழாய்க்குள் கயிறு காத்திருக்கிறது.

போனை எடுத்துவிட்டேன். ஒரு டிக் போட்டுவிட்டேன். யாருக்கு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். பெயர் தெரியத்தான் போட்டேன். என் வாழ்க்கையில் ஐந்து பேரைக் காக்கவைத்துவிட்டு ஒருவருக்கு முதலில் பரிமாறியது இதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

மிச்சம் நான்கு டிக், ஐந்து பெயர்: அம்சம், ஃபஹத், ரெத்தினம், வெங்கடசுப்ரமணியன், அண்ணாதுரை. இதற்கு மேல் என்னால் ஆகாது. இதைப் படிக்கும் உங்கள் போனிலும் எப்போதாவது வட்டம் சுற்றியிருக்கும். விதி ஒன்றின்படி நீங்களும் பயனாளர்தான். போட்டுவிடுங்கள். யாரை விட்டீர்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். நாளைக்கு டீக்கடையில் என்னைத்தான் கேட்பார்கள், எனக்குப் பொய் சொல்லத் தெரியாது.

போட்டு முடித்ததும் அப்படியே மதகுப் பக்கம் வாருங்கள். கேபிள் வரும் நாளில் சட்டென்று அவிழ்க்க வசதியாக, வளையத்தில் முடிச்சைத் தளர்வாகத்தான் போட்டிருக்கிறேன்.