நைனா தூங்காத பகல்கள்

நைனாவுக்குப் போட வெள்ளைச் சட்டையைத் தேடி, தகரப் பெட்டியின் அடிவரை கையை விட்டுத் துழாவிய வியாகுலம்மாளுக்குச் சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். பழுப்பு நிறச் சீசா. பாதிக்கு மேல் காலி. ஒட்டியிருந்த காகிதத்தில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது.

"சட்டை கெட்ச்சுதாடி? வெந்நீ ஆறிப் போவுது" என்று கூடத்திலிருந்து எல்சி சித்தி குரல் கொடுத்தாள்.

"கெட்ச்சுது சித்தி."

சீசாவை இடுப்பில் செருகி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். ஏன் மறைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்பத்தெட்டு வயது வரைக்கும் தலைவலி என்று ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளாத மனிதர், அவளைப் பெற்ற நைனா. அவர் பெட்டியில் மருந்துக்கு என்ன வேலை? அந்த வீட்டில் மருந்தோடு சம்பந்தப்பட்டவன் ஒருவன்தான். மருத்துவப் பள்ளியில் படிக்கும் அவள் தம்பி ஸ்டானிஸ்லாஸ்.

அன்று காலை அவள் பூசைக்குப் போய்விட்டு, அப்படியே சந்தைக்கும் போய்த் திரும்பும்போது எட்டு மணி ஆகியிருந்தது. துறைமுகத்தில் ராத்திரி வேலை முடித்து வந்த நைனா பாயில் மல்லாந்து கிடந்தார். தம்பி அவர் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் வந்ததற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிட்டே போய் நெற்றியைத் தொட்டபோதுதான் தெரிந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது.

"எப்படா ஆச்சு?"

"தெர்ல."

"யாரையாச்சும் கூப்டக் கூடாதா? நீ பாட்டுக்கு குந்திக்கினு கீறியே!"

"கூப்ட்டா எல்லாரும் வந்துடுவாங்களேக்கா" என்றான்.

அதற்கு என்ன அர்த்தம்? தெருக்கோடி டாக்டர் வந்து இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, மாரடைப்பு என்று சொல்லிப் போய்விட்டார். ஸ்டானிஸ்லாஸ் அப்புறமும் அழவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் கொண்டுவந்தான். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான்.

நைனாவைக் கழுவி, சட்டை போட்டு, கையில் ஜெபமாலையைச் சுற்றிக் கிடத்தினார்கள். பனைமரத்தொட்டிச் சந்து முழுவதும் வாசலில் கூடியது. வியாகுலம் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வாய் ஜெபம் சொன்னாலும் மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

முப்பது வருஷமாகப் பகல் வேலைக்கே போய் கிரேன் ஓட்டிய மனிதர், மூன்று மாதத்துக்கு முன்னால் ஏன் ராத்திரி வேலை கேட்டு வாங்கினார்? "பகல்ல வெயில் தாங்கல" என்றார். நம்பினாள். ஆனால் வேலை முடித்து வந்தவர் பகலில் தூங்கவும் இல்லை. ஒன்பது மணிக்குத் தம்பி புத்தகங்களோடு கிளம்புவான். அடுத்த கால்மணியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நைனாவும் கிளம்புவார். கோணி தைக்கும் கிடங்கில் வேலை செய்யும் வியாகுலம் சாயங்காலம் வரும்போது, இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். நைனாவின் வேட்டியில் மரத்தூள் ஒட்டியிருக்கும்.

"எங்க நைனா போய்ட்டு வர?"

"சும்மா, ஷாகுல் பாயோட மர டிப்போ வரைக்கும்."

கேட்ட கேள்விக்கு அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியே மூன்று மாதம் ஆயிற்று. அவள் உள்ளே நுழைந்தால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். புருஷனை இழந்து பிறந்த வீட்டோடு வந்து ஆறு வருஷம் ஆனவளுக்கு அது சுருக்கென்று தைக்கும். காட்டிக்கொள்ளமாட்டாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் கோட்டுப் போட்ட ஒரு பையன் மாலையோடு வந்தான். சண்முகவேல் என்று பெயர் சொன்னான். தம்பியோடு மருத்துவப் பள்ளியில் படிப்பவனாம். நைனாவின் காலடியில் மாலையை வைத்துவிட்டு அவளிடம் தணிந்த குரலில் கேட்டான்.

"ஸ்டானிஸ்லாசுக்கு இப்போ உடம்பு தேவலையாங்க?"

"அவனுக்கு இன்னா?"

பையன் தயங்கினான். "இல்லீங்க... டிசம்பர் பரீட்சையில பாதியில பேனாவை வெச்சுட்டு எழுந்து போயிட்டாரே. அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் பக்கமே காணோம். ஏப்ரல்ல திரும்ப எழுதணும். வருவார் இல்லீங்களா?"

"வருவான்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மாதமாகப் பள்ளிக்கூடம் போகாதவன், வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு தினமும் எங்கே போனான்? குடியா? சகவாசமா? அதைக் கண்டுபிடிக்கத்தான் நைனா பின்னாலேயே போனாரா? கண்டுபிடித்துவிட்டாரா? அதனால்தானா... இடுப்பில் சீசா உறுத்தியது. நினைப்பை மேலே ஓடவிட அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்து கொல்லைப்புறம் போனாள்.

தம்பி கிணற்றடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். சீசாவை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது இன்னாடா?"

அவன் அதைப் பார்த்தான். வாங்கக் கையை நீட்டினான்.

"குடுத்துடுக்கா."

"நைனாக்கு இன்னாடா குடுத்த? சொல்லு. நீ பள்ளிக்கோடமே போலயாமே. எங்கடா போன இத்தினி நாளா? நைனாவ இன்னாடா பண்ண?"

அவன் உதடு இழுத்துக்கொண்டது. மூச்சு விசைவிசையாக வந்தது. ஓடி வந்தவன் போல மார்பைப் பிடித்துக்கொண்டு கீழே குந்தினான்.

"நான்தான்க்கா. நான்தான் அவரக் கொன்னேன்."

அதற்குள் உள்ளேயிருந்து எல்சி சித்தி கூப்பிட்டாள். சவப்பெட்டி வந்துவிட்டது. சாமியார் கோயிலில் காத்திருக்கிறார்.

அவன் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதிலிருந்து கோயிலில் மந்திரிப்பு ஜெபம் முடிகிறவரை வியாகுலம் என்ன செய்தாள், யாரோடு பேசினாள் என்று பிற்பாடு அவளுக்கு ஞாபகமே வரவில்லை. கோயிலில் பெட்டிக்கு மேல் தீர்த்தம் தெளித்தபோது மட்டும் தம்பியைப் பார்த்தாள். பெட்டியைத் தூக்க அவன் தோள் கொடுத்தான். பக்கத்தில் நின்ற ஷாகுல் ஹமீது பாய், நைனாவின் இருபது வருஷச் சிநேகிதர், மரக்கிடங்கு வைத்திருப்பவர், அவன் முதுகில் கையை வைத்து அமுத்தினார். 'மெதுவா, மெதுவா' என்று அவர் சொல்வது கேட்டது. பெட்டியைத் தூக்குகிறவனுக்குச் சொன்னதுபோல அது இல்லை.

ஆண்கள் கல்லறைக்குப் போனார்கள். பெண்கள் வீடு திரும்பினார்கள். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வியாகுலத்துக்கு இருந்தது. எல்சி சித்தியிடம் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தாள். இரண்டு தடவையும் யாரோ வந்துவிட்டார்கள்.

மண் போட்டுவிட்டு முதலில் திரும்பியவர் பாய்தான். வாசலில் காலைக் கழுவிக்கொண்டு நின்றார். வியாகுலம் அவரைச் சந்து முனைவரை அழைத்துப் போனாள். சீசாவைக் காட்டினாள். தம்பி சொன்னதையும் சொன்னாள்.

பாய் சீசாவை வாங்கவில்லை.

"அது அவனோட மருந்துமா. பயத்துக்கு. பெரியாஸ்பத்திரில குடுத்தது. அவன் கையில இருந்தா ஒரேடியா குடிச்சிடுவானோன்னு ஒங்க நைனா தன் பொட்டில வெச்சிருந்தாரு. வேளா வேளைக்கு அவரேதான் ஸ்பூன்ல ஊத்திக் குடுப்பாரு."

"பயமா? இன்னா பயம்?"

"அதான் தெர்லயே. புஸ்தகத்தத் தொறந்தா எழுத்து நிக்க மாட்டேங்குது பாய்னு சொல்லுவான். படிச்சதையே பத்து தபா படிப்பான். காலைல எந்திரிக்கவே முடியல, எதுக்கு எந்திரிக்கணும்னு தோணுதுன்னு ஒரு நாளு அழுதான். பரீட்சை ஹால்ல செவுரு கிட்ட வர்ற மாதிரி இருந்துச்சாம். அதான் ஓடி வந்துட்டான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்க நைனா இஸ்துகினு வந்து என் டிப்போல குந்த வெச்சாரு. மர அடுக்குக்குப் பின்னால, கடலப் பாத்தாப்பல. மொதல் நாளு நாலு வரி படிச்சான். அஞ்சாவது வரில கை நடுங்கிச்சு, மூடிட்டான். ஒங்க நைனா ஒண்ணும் சொல்லல. 'ஒரு சொமை எறக்கியாச்சு. அடுத்ததுக்கு ரவ நேரம் ஆவட்டும்'னாரு. கப்பல்ல கீற சரக்க மொத்தமா தூக்கினா சங்கிலி அறுந்துடும்டா, ஒவ்வொண்ணாதான் தூக்கணும்பாரு. அன்னிக்கு ரெண்டு சொமை. அப்பால நாலு. எப்பவாச்சும் ஒண்ணுகூட முடியாது, சும்மா கடலப் பாத்துகினு குந்திட்டு வந்துடுவாங்க. போன வாரம் பதினெட்டு."

"நைனாக்குத்தான் படிக்கவே தெரியாதே."

"தன் தோளத் தொட்டு, இந்த எலும்புக்கு இன்னாடா பேருன்னு கேப்பாரு. மறுநாளு அவன் மாத்திச் சொன்னா, நேத்து வேற சொன்னியேம்பாரு. பாதி எலும்பு அவருக்கு அத்துப்படி." பாய் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "ராத்திரி கிரேன், பகல்ல புள்ள. ரவ தூங்கு அம்புரோசுன்னா, ஏப்ரலுக்கு அப்பால தூங்கிக்கறேன்னாரு."

வியாகுலம் சீசாவை மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்கிட்ட ஏன் பாய் மறைச்சாங்க? நான் இன்னா அன்னியமா?"

பாயின் கண் சந்து வழியே வீட்டு வாசலுக்குப் போனது. அங்கே எல்சி சித்தி வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். பாய் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டு, "வரேன்மா" என்று போய்விட்டார்.

அவர் சொல்லாமல் விட்டது வியாகுலத்துக்குப் புரிந்தது.

அம்மாவுக்கு அப்படி ஆனபோது அவளுக்குப் பதினாறு வயது. அம்மா சுவர் ஓரம் உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே இருந்தாள். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம், தலைக்கு எண்ணெய் வேண்டாம். பயந்துபோன வியாகுலம் அழுதுகொண்டே போய் எல்சி சித்தியிடம் சொன்னாள். அவ்வளவுதான் அவள் செய்தது. மூன்றாம் நாள், நைனா கிரேனில் இருந்த நேரத்தில், உறவுக்காரர்கள் ஐந்து பேர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று தெற்கே ஒரு கோயிலுக்குக் கொண்டுபோய்க் கால்களில் சங்கிலி போட்டு நாற்பது நாள் தூணில் கட்டிவைத்தார்கள். திரும்பி வந்தபோது கணுக்காலில் புண் இருந்தது. அடுத்த தவக்காலம் வரை அம்மா உயிரோடு இருக்கவில்லை.

அதைப்பற்றி நைனா அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறந்துவிட்டார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இந்த மூன்று மாதமும் அவள் அவர்களை வேவு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களோ அவளுக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று தம்பி சொன்னது இப்போது வேறு விதமாகக் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். ஸ்டானிஸ்லாஸ் உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எல்சி சித்தி அவனை எட்டிப் பார்த்துவிட்டு வந்து வியாகுலத்தின் பக்கத்தில் குந்தினாள்.

"இவன் மொகமே சரியில்லடி. பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரல. ஒங்கம்மா குந்தின மாதிரியே குந்திக்கினு கீறான். எனக்கு என்னமோ சந்தேகமா கீது."

"களைப்பு சித்தி."

"களைப்பா? மத்தியானம் கெணத்தடில நீ எதையோ நீட்டிக்கினு கத்தினியே, நான் பாத்தேன். சீசா மாதிரி இருந்துச்சு. இன்னாது அது? அவன் எதனா துண்றானா?" சித்தி குரலைத் தாழ்த்தினாள். "முத்தறதுக்கு முந்தி தெக்கே இட்டுகினு போய்டலாம். நீ ம்னு சொல்லு, நாளைக்கே ஆளுக்குச் சொல்லி அனுப்பறேன்."

உள்ளறையில் சின்ன அசைவு கேட்டது. பிறகு மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

வியாகுலம் எழுந்தாள். அடுப்பங்கரையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து வந்தாள். இடுப்பிலிருந்த சீசாவை எடுத்துச் சித்தியின் கண்ணெதிரே மூடியைத் திறந்தாள்.

"இதுவா? என் இருமல் மருந்து. கோணித் தூசி நெஞ்சுல அடச்சிக்கிது. எடத்த மாத்தி வெச்சிட்டான்னு அவன்கிட்ட கத்திட்டேன்."

ஒரு ஸ்பூன் ஊற்றிக் குடித்தாள். உப்பாகக் கரித்தது. முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினாள்.

எல்சி சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. "உங்க வூடு, உங்க பாடு" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். வியாகுலம் கதவைத் தாழிட்டாள். சந்துக் கோடிவரை செருப்புச் சத்தம் தேய்கிறவரை தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

தட்டில் கஞ்சியை ஊற்றித் தம்பி முன்னால் வைத்தாள்.

"எப்பத் தூங்குவாரு சொல்லு" என்றான் அவன், சுவரிடம் பேசுவதுபோல. "ராத்திரி முச்சூடும் கிரேன். பகல்ல நானு. நான்தான்க்கா."

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. சொன்னாலும் அவன் நம்பமாட்டான். தட்டை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளினாள்.

"காலைல ஒம்போது மணிக்குத்தான போவீங்க?"

அவன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். எதற்குக் கேட்கிறாள் என்று அளப்பது போலிருந்தது அந்தப் பார்வை. பிறகு "ம்" என்றான்.

மறுநாள் அவள் கோணிக் கிடங்கு வேலைக்குப் போகவில்லை. டிப்போவில் மரம் அறுப்பவர்கள் அவர்கள் வருவதைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அடுக்குக்குப் பின்னால், நிழலில், ஒரு தேக்கங்கட்டை உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் அதில் ஒரு ஓரமாக உட்கார்ந்தான். அவள் மறு ஓரத்தில்.

புத்தகத்தைத் திறந்தான். வெகுநேரம் குரல் வரவில்லை. பிறகு வந்தது. ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியாத இங்கிலீஷ். ஒரு வரி. இரண்டு. மூன்றாவது வரியில் குரல் உடைந்து நின்றுவிட்டது. பக்கத்தில் அவன் மூச்சு விசைவிசையாக ஏறுவது கேட்டது.

இந்த இடத்தில் நைனாவின் வார்த்தையைத் தானும் சொல்லலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்த எலும்பைத் தொட்டுக் காட்டுவது என்றும் தெரியவில்லை. திரும்பி அவன் கையைப் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. துறைமுகத்துக்கு வெளியே ஒரு பாய்மரப் படகு எண்ணூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள். அது கைக்குட்டை அளவாகி, பிறகு நகத்தளவாயிற்று.

பக்கத்தில் ஒரு தாள் புரளும் சத்தம் கேட்டது. அப்போதும் அவள் திரும்பவில்லை.