பொன்செல்வியைப் பற்றி ஒரு வரி

ஏஞ்சல் டீச்சரை லேசில் குறை சொல்லிவிட முடியாது. சங்கரன்கோவிலில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஏஐ வந்தபோது, மற்றவர்கள் நமக்கெதுக்கு வம்பு என்று ஒதுங்க, முதல் ஆளாக உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் அவள்தான். பயிற்சி கொடுக்க வந்தவர் படித்துப் படித்துச் சொன்னார்: ரேங்க் கார்டில் பிள்ளையைப் பற்றி எழுத வேண்டுமா, நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றையாவது முதலில் அதனிடம் சொல்லுங்கள், அப்புறம் எழுத விடுங்கள். ஏஞ்சலும் மண்டையை மண்டையை ஆட்டினாள். அரையாண்டுத் தேர்வு முடிந்து தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? பெயரையும் மார்க்கையும் மட்டும் கொடுத்தாள். அவள் வகுப்பு மொத்தத்துக்கும் அது ஒரே மூச்சில் எழுதித் தள்ளிவிட்டது. என்ன தமிழ்! தலைமையாசிரியரே பாராட்டினார்.

தைப்பொங்கல் கழிந்து, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன ஒன்பதாம் வகுப்பு பொன்செல்வி திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்ததும் அவள் அம்மா பாலம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மார்க்கெட்டில் பூக்கட்டி விற்கிறவள். கையில் மகளின் ரேங்க் கார்டு. படிக்கத் தெரியாது; பக்கத்துக் கடைக்காரரை வாசிக்கச் சொல்லிச் சொல்லியே அந்த வரி மனப்பாடமாகியிருந்தது. ‘அடுத்தவர் துன்பம் கண்டால் தானே ஓடிச் சென்று உதவும் நல்ல உள்ளம் கொண்டவள்.’

ஏஞ்சல் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பாலம்மாள் உட்காரவில்லை.

“வீட்ல அவ வாயே தொறக்க மாட்டா டீச்சர். நான் விடியுமுன்ன மார்க்கெட்டுக்குப் போயிருவேன், வரும்போது ஒறங்கிருப்பா. யாருக்கு என்ன உதவி செஞ்சான்னு சொல்லுங்க. அத மட்டும் கேட்டுட்டுப் போயிருதேன்.”

ஏஞ்சல் நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஜன்னலோரம், இரட்டைச் சடை, பெயரைக் கூப்பிட்டால் ‘உள்ளேன் டீச்சர்’. பாவி மனதில் அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. மயங்கி விழுந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தாள் என்று ஒரு கதை கட்டிவிடலாம். அதை வைத்துக்கொண்டே இந்தத் தாய் மிச்ச காலத்தை ஓட்டிவிடுவாள். நாக்கு நுனிவரை வந்தது. பெற்றவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது.

“அத நான் எழுதலம்மா.”

பாலம்மாள் கோபப்படவில்லை. முகம் கொஞ்சம் தெளியக்கூடச் செய்தது.

“அப்ப எழுதுனவுக எங்க இருக்காக? நான் போயிக் கேட்டுக்கிடுதேன்.”

கம்ப்யூட்டர் எழுதியது, அது பொன்செல்வியைப் பார்த்ததே இல்லை என்று ஏஞ்சல் சொன்னாள். பாலம்மாள் கார்டை மடியில் செருகினாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

“அது பாக்கல, சரி. நீங்க தெனமும் பாத்தியல்லா டீச்சர்? பள்ளிக்கூடத்துல எம்புள்ள எப்படி இருந்தா, அதச் சொன்னாலும் போதும்.”

“ஜன்னலோரம் உக்காருவாம்மா,” என்றாள் ஏஞ்சல்.

பாலம்மாள் மேலே ஏதோ வரும் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.