வெங்கட்டுவின் பாக்கெட்

வேதாந்தத்துக்குச் சந்தேகம் ஒன்றும் புது வியாதியல்ல. மத்திய சர்க்காரில் தணிக்கைப் பிரிவிலேயே காலம் தள்ளியவர். டீக்கடை பில்லைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ரிடையர் ஆன பிறகு சந்தேகப்பட ஆள் கிடைக்காமல், டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில், பிள்ளை அர்விந்தின் வீட்டில், பால்காரனையும் இஸ்திரிக்காரனையும் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். இப்போது அது வெங்கட்ராமன் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வெங்கட்ராமன் அவரோடு ஒரே செக்‌ஷனில் இருந்தவன். இரண்டு வயது சின்னவன், 'அண்ணா' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். மனைவி காமாக்ஷி போய்ச் சேர்ந்த பிறகு, வேதாந்தத்தோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுகிறவன் அவன் ஒருவன்தான். அவனும் திருடன் என்று ஆகிவிட்டால் அப்புறம் மிச்சம் யார்?

இருவருக்கும் பழங்காசு சேர்க்கிற பைத்தியம். பாதிப் பாதி போட்டு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியிருந்தார்கள். மழைக்காலத்தில் யமுனை கரை புரண்டு ஓடி வடிந்ததும், பழைய இரும்புப் பாலத்துக்குக் கீழே வண்டல் திட்டுத் திட்டாகக் கிடக்கும். ரயிலில் போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆற்றுக்குக் காசு வீசிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அடியில் புதைந்து கிடப்பதை வெள்ளம் புரட்டி மேலே கொண்டுவந்து போட்டுவிடும்.

ஒருவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிடெக்டரைத் தரையோடு வீசிக்கொண்டே நடப்பார். சத்தம் வந்த இடத்தைக் காலால் காட்டுவார். மற்றவர் தோட்டக்காரன் புல் கொத்துகிற குர்பியால் அங்கே தோண்டுவார். வேதாந்தத்துக்கு முழங்கால் மடங்காது. ஆகவே தோண்டுகிற வேலை எப்போதும் வெங்கட்ராமனுக்கு. சத்தத்தைக் கேட்கிறவர் ஒருவர், பொருளைக் கண்ணால் பார்க்கிறவர் வேறொருவர். தணிக்கைக்காரர் சந்தேகப்பட இது போதாதா?

போன தடவை வந்தபோது அவர் கண்ணாலேயே பார்த்தார். வெங்கட்ராமன் குழியிலிருந்து எதையோ எடுத்தான், அவர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "ஒண்ணுமில்லண்ணா, தகரம்" என்றான். தகரத்தை எவனாவது பாக்கெட்டில் போட்டுக்கொள்வானா?

நேரே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான் என்பது வேதாந்தம் ஆபீஸில் கற்ற பாடம். பொறி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். தன் பெட்டியிலிருந்து விக்டோரியா ராணி தலை போட்ட செம்புக் கால் அணா ஒன்றை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, வெங்கட்ராமன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு டீ வாங்கப் போன சமயம் பார்த்து, காசின் மேல் ஈர வண்டலை நன்றாக அப்பி, நாணல் புதர் ஓரமாகக் குனிய முடியாமல் குனிந்து புதைத்தார். மூச்சு வாங்கியது. சேச்சே, இந்த வயதில் இது என்ன பிழைப்பு என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அதையும் ஒதுக்கிவிட்டார்.

முதலில் வேறு இரண்டு மூன்று இடங்களைத் தோண்டவிட்டார். சின்னச் சின்ன நிக்கல் காசுகள் வந்தன. அப்புறம், தற்செயலாகப் போவதுபோல் நாணல் பக்கம் டிடெக்டரை வீசினார். ஹெட்போனில் கணீரென்று சத்தம் வந்தது.

"வெங்கட்டு, இங்க ஏதோ இருக்குடா. நீ தோண்டிண்டிரு, நான் தண்ணி எவ்வளவு வடிஞ்சிருக்குன்னு பாத்துட்டு வரேன்."

நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினார். வெங்கட்ராமன் குர்பியால் மண்ணைப் புரட்டினான். கையில் எடுத்தான். கட்டை விரலால் தேய்த்தான். அப்படியே கொஞ்ச நேரம் குந்தியிருந்தான். பிறகு அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"என்னடா கிடைச்சுது?"

"சோடா மூடிண்ணா."

மாட்டினான்! தப்புக் கணக்கைக் கண்டுபிடித்தபோதெல்லாம் வருகிற அந்தப் பழைய சந்தோஷம் வேதாந்தத்துக்கு ஜிவ்வென்று ஏறியது. ஏறிய வேகத்திலேயே இறங்கியும் விட்டது. அவன் எதிரே வந்து நின்றார்.

"பாக்கெட்ட காட்டு."

"வேண்டாம்ணா."

"காட்டுடா! இத்தன வருஷமா அண்ணா அண்ணான்னு கூப்டுண்டு, என்கிட்டயே கை வெக்கறயா? எவ்வளவு நாளா நடக்கறது இது?"

வெங்கட்ராமன் பாக்கெட்டில் கையை விட்டு, எடுத்து, விரித்துக் காட்டினான். உள்ளங்கையில் கால் அணா இருந்தது. அதன் பக்கத்தில் கருகி நெளிந்த ஒரு மெட்டியும் இருந்தது.

"இது உங்க காசு" என்றான். "ஆத்து மண்ல கிடந்த செம்பு பச்சையாவோ கறுப்பாவோதான் வரும். இது மேல்மண்ணைத் தொடச்சதும் பளபளங்கறது. பழங்காசப் புளி போட்டுத் தேய்க்காதீங்கோன்னு நான் தலையா அடிச்சுண்டேன். நீங்கதான் பூஜைப் பாத்திரம் மாதிரி எல்லாத்தையும் தேய்ச்சு வெச்சிருக்கேள். டில்லி பூரா தேடினாலும் இப்படித் தேய்க்கற ஆள் வேற கிடையாது."

"தெரிஞ்சுதா? அப்பறம் ஏண்டா மூடின்னு சொன்னே?"

"கிடைச்சுதுன்னு காட்டியிருந்தா நீங்க ஆச்சரியப்படற மாதிரி நடிச்சிருப்பேள். அத என்னால பாத்துண்டு நிக்க முடியாதுண்ணா. உங்காத்துக்கு வரச்சே பெட்டியிலேயே போட்டுடலாம்னு நினைச்சேன்."

வேதாந்தத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் பழகிய புத்தி விடவில்லை. "அந்த மெட்டி?"

வெங்கட்ராமன் ஆற்றின் மேல்புறம் கை காட்டினான். ஆறு வளைகிற இடத்தில் மயானக் கட்டத்தின் புகை தெரிந்தது. "வெள்ளம் வந்தா அங்கேந்து இதெல்லாம் அடிச்சுண்டு வரது. மன்னி அஸ்திய இங்கதானே கரைச்சோம்? இது காலம்பற தோண்டின குழியில கிடைச்சது, போன தடவை தகரம்னு சொன்னதும் இந்த மாதிரி ஒரு மெட்டிதான். யாரோடதோ, யாருக்குத் தெரியும்? ஆனா உங்க கண்ல பட்டா உங்களுக்கு மனசு ஆறாது. அதான் எடுத்து வெச்சுண்டு, நீங்க அந்தண்ட போனதும் தண்ணில விட்டுடுவேன். நேர கேட்டிருந்தா ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன்."

அவன் எழுந்து போய் மெட்டியை ஆற்றில் விட்டான். வேதாந்தம் நின்ற இடத்திலேயே நின்றார். காமாக்ஷிக்காக அழுகை வந்ததா, வெட்கத்தால் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடியதில் வீடு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அவன் வரமாட்டான் என்றே நினைத்தார். வந்தான். வாசலில் ஹார்ன் அடித்து, "ஜல்திண்ணா, வெயில் ஏறிடும்" என்றான். எப்போதும்போல் பேசினான், தோண்டினான், டீ வாங்கிக் கொடுத்தான். வேதாந்தத்துக்கு உயிர் திரும்பி வந்தது.

கிளம்புகிற வேளையில் வெங்கட்ராமன் அவர் எதிரே வந்து நின்றான். பேண்ட் பாக்கெட் இரண்டையும் உள்துணி வெளியே தொங்கும்படி இழுத்துவிட்டான். சட்டைப்பையையும் விரித்தான். முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"பாத்துக்கோங்கோண்ணா."

"வேண்டாம்டா வெங்கட்டு. என்னைக் கொல்லாதே."

"பாத்துடுங்கோ. அப்பறம் ராத்திரி உங்களுக்குச் சந்தேகம் வரும்."

வேதாந்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் திருப்புவதற்கு முன், அந்த உள்துணிகளின் மூலைமடிப்பு வரைக்கும் தன் கண் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததை அவரே கவனித்தார். வெங்கட்ராமனும் கவனித்தான்.