டெர்லிங்குவா வரைக்கும் சொல்லாதது

2001 மே மாதக் கடைசி வாரம். மூன்று நாள் விடுமுறை. அவர்கள் வேலை பார்க்கும் கேட்டி நகரத்திலிருந்து மேற்கே பத்து மணி நேரம் கார் ஓட்டினால் பாலைவன மலைகளுக்கு நடுவே டெர்லிங்குவா. பாதரசச் சுரங்கம் மூடிய பிறகு ஆட்கள் விட்டுப்போன ஊர். பயணத்துக்கு ஏற்பாடு செய்தவன் சபரிநாதன். குத்புதீனின் டீம் லீட், கல்லூரி நாளிலிருந்து நண்பன். வழிநெடுக அவனும் குத்புதீனும் பழைய பாட்டுகளைக் கத்திப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிறு காலை. கூரை இல்லாத கல்வீடுகளைச் சபரி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி வான்மதி குத்புதீனுக்கு ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினாள்.

"அண்ணா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. கிளம்பும்போது அந்த சோபாவ வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

"எங்க கிளம்பறேன்?"

வான்மதியின் முகம் வெளுத்தது. "அவர் சொல்லிட்டேன்னாரே…"

குத்புதீன் காபியைக் கல்மேல் வைத்துவிட்டு நேராகச் சபரியிடம் போனான்.

"என்னடா விஷயம்?"

சபரி கேமராவை மூடினான். "செவ்வாய்க்கிழமை உனக்கு வேலைய விட்டு நிறுத்தற லெட்டர் வரும். நம்ம டீம்ல உன்னையும் ஜம்புநாதனையும் காட்டி, யாரை அனுப்பறதுன்னு ஒருத்தர் பேர் எழுதுன்னாங்க. அவனுக்கு ரெண்டு குழந்தைங்க, குத்பு. உன் பொண்டாட்டி சாலிஹாகூட இன்னும் ஊர்லேர்ந்து வரல."

"எப்ப எழுதின?"

"மூணு வாரமாச்சு. ட்ரிப் முடியறதுக்குள்ள சொல்லிடலாம்னு…"

"என் பேரை எழுதினத விடு. விசா வந்துடுச்சுன்னு சாலிஹா ஸ்கூல் வேலைய ரிசைன் பண்ணிட்டா. போன வெள்ளிக்கிழமை உன்கிட்டதான்டா முதல்ல சொன்னேன். கைகுடுத்து 'சூப்பர்'னு சொன்ன."

சபரி கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தான்.

காரில் ஒன்றரை மணி நேரம் தள்ளி ஆல்பைன் என்ற ஊர். பேருந்து நிற்கும் இடத்தைப் பார்த்ததும் குத்புதீன் இறங்கி, பையை எடுத்துக்கொண்டான். பொதுத் தொலைபேசியில் காலிங் கார்டின் எண்களை இரண்டு முறை தப்பாக அழுத்தினான். நாகப்பட்டினத்தில் அப்போது இரவு எட்டரை.

"மச்சான், மலையெல்லாம் நல்லாருக்கா?" என்றாள் சாலிஹா.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு. வேலை போயிடுச்சு, இனி விசாவும் செல்லாது."

"கம்பெனியில சபரி அண்ணன் இருக்காங்கல்ல? அவங்ககிட்ட சொல்லிப் பாருங்களேன்" என்றாள்.

அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

வெளியே வான்மதி எலுமிச்சைச் சாதப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலுமாக அழுதபடி நின்றாள். "இவ்ளோ தூரம் தனியா போவீங்களா? வண்டியில வாங்கண்ணா."

அவள்மேல் கோபம் இல்லை. பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டான். எதிர்ச்சாரியில் கார் நின்றிருந்தது. சபரி இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்ல வருவான் என்று, பேருந்து கிளம்பும்வரை குத்புதீன் எதிர்பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை லெட்டர் வந்தது. அதைக் கொடுக்கவும் வேறொரு ஆளைத்தான் சபரி அனுப்பியிருந்தான்.