ஜெகதீஸ்வரி சாப்பிடாத படையல்

செத்துப்போன ஜெகதீஸ்வரி தன் பதினாறாம் நாள் படையலைச் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டாள். டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டில், முறைப்படி நடு அறையில் இலை போட்டு, கோழிப் பிரட்டலும் இறால் சம்பாலும் சுடுசோறும் அப்பளமும் வைத்து, இறந்தவள் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சற்று நேரம் கழித்துத் திறக்கப் போனால் கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து எல்லாருக்கும் பழகிய குரல் வந்தது. "எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

நிபோங் திபால் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவள், தயாளனைக் கட்டிக்கொண்டு இந்த வீடு இருக்கும் தீவுக்கு வந்தாள், இரண்டு பிள்ளை பெற்றாள், அவனைச் சீக்கிரமே பறிகொடுத்தாள், ஊரார் துணி துவைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினாள். ஒரே வாக்கியத்தில் அறுபது வருடம் போய்விட்டது. அவளுக்கும் அப்படித்தான் போயிருக்கும். வீட்டில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் ஒரு பருக்கையைத் தொட்டதில்லை. ஒருமுறை மகன் அர்ஜுனன் ஜொகூரில் வேலையாகப் போய்ப் போனைத் தொலைத்துவிட, அவன் சாப்பிட்டானா என்று தெரியாமல் பட்டினி கிடந்தவள் உடம்பு இலேசாகித் தரையை விட்டு எழும்பிவிட்டாள். காற்று கொண்டுபோய்விடாமல் முந்தானையைச் சன்னல் கம்பியில் கட்டி வைத்தார்கள். யாரிடமோ போன் வாங்கி அவன் "சாப்பிட்டேம்மா" என்றதும் கால் தரையில் பாவியது. பக்கத்துக் கடை ஷேக் அலாவுதீன் அதைப் பார்த்துவிட்டு, கதவைக் கொஞ்சம் சாத்தி வைக்கச் சொன்னார். வேறு யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இப்போது சங்கடம் வேறு. "அக்கா மொதல்ல சாப்பிடணும். அப்பறம்தான் நாம கை நனைக்கணும். முறை அதுதான்லா," என்றார் அவள் தம்பி சுகுமாரன். அவளோ எல்லாரும் சாப்பிடாமல் சாப்பிட மாட்டாள். மகள் ரூபினி கதவோரம் போய், "சாப்பிட்டோம்மா," என்று பொய் சொல்லிப் பார்த்தாள். உள்ளே கரண்டி பானையில் 'டங்'கென்று விழுந்தது. பிள்ளைகள் பொய் சொன்னால் உயிரோடு இருந்தபோதும் அதே சத்தம்தான். கதவிடுக்கில் ஆவி கசிந்துகொண்டே இருந்தது. பொழுது சாய்ந்தும் சோறு ஆறவில்லை. சாப்பிடாத ஆத்மா வழி தெரியாமல் வீட்டையே சுற்றும் என்று சுகுமாரன் சொன்னார்.

மருமகள் மோகனாவுக்கு அந்தப் பயம் இல்லை. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் மதிய ஷிப்ட் முடித்து அவள் எந்நேரம் வந்தாலும் அத்தை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். காலமெல்லாம் காத்துக்கிடந்தவள் போகிற வழிக்கும் பட்டினியாகவா போக வேண்டும் என்று எழுந்துவிட்டாள். "மாமா, நீங்க முறையப் பாத்துக்கிட்டே இருங்க. நான் சோறு போடறேன்," என்று அடுப்படியில் மிச்சமிருந்ததை எடுத்து வந்து வரிசையாகப் பரிமாறினாள். முறை பேசிய சுகுமாரனே இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினார்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு அத்தை."

"நீ?"

மோகனா அதுவரை ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "நீங்க சாப்பிடுங்க அத்தை. நான் அப்பறம்." உள்ளேயிருந்தும் அதே பதில் வந்தது, "நீ சாப்பிடும்மா. நான் அப்பறம்." நீங்க, நீ என்று அது நீண்டுகொண்டே போனது. திடீரென்று ரூபினி எழுந்து ஓடிவந்து மோகனாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணி, காலப் பாருங்க." மோகனாவின் பாதங்கள் தரையைத் தொடவில்லை. அர்ஜுனன் எச்சில் கையோடு எழுந்து நின்றான். அம்மாவை அப்படி எத்தனை வருடம் விட்டுவைத்தோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சன்னல் கம்பியைத் தேடாமல் மனைவியின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டான். "எல முன்னால ஒக்காரு மோகனா. நான் போடறேன்," என்றான்.

மோகனா கதவைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு பேரும் ஒண்ணாச் சாப்பிடலாம் அத்தை."

அப்படியொரு வழி இருப்பதை ஜெகதீஸ்வரியிடம் யாரும் சொன்னதில்லை. பிறகு உள்ளே மணை இழுபடும் ஓசை கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் மோகனா உட்கார, அர்ஜுனன் பரிமாறினான். அவள் முதல் கவளத்தை வாயில் வைத்தபோது உள்ளே அப்பளம் நொறுங்கியது. அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள், வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

கதவு தானாகத் திறந்தது. இலை துடைத்தாற்போல் காலியாக இருந்தது. இழவு வீட்டில் இலையை எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள், இந்தச் சாப்பாடு மறுபடி வேண்டாம் என்று. இது தன் பக்கமாக, மறுபடி வருவோம் என்று விருந்தில் மடிப்பதுபோல் மடிக்கப்பட்டிருந்தது. சுகுமாரன் முறையில்லையே என்று முனகினார், யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் மோகனா உலையில் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போட்டாள். ஷிப்ட் முடிந்து வந்தால் நடு அறையில் ஒரு தட்டு வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சில நாள் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு உள்ளேயிருந்து குரல் வரும். எழுந்து போய் ஊற்றிவிட்டு வருகிறாள்.