ஏன் என்ற பொத்தான்

மூத்த மாப்பிள்ளைக்கு வயிற்றெரிச்சல் தொடங்கி ஆறு வாரம். மாத்திரை போட்டுப் பார்த்தார், கேட்கவில்லை. எரிச்சலின் மூலம் வயிற்றில் இல்லை, பக்கத்து மேஜையில் இருந்தது.

பக்கத்து மேஜைக்காரர் இளைய மாப்பிள்ளை. ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவரும் லிஃப்ட் பராமரிக்கும் ஒரே நிறுவனத்தில் வேலை. மூத்தவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ், இளையவருக்கு நாலு. ஆனால் மாமியார் "இன்னும் கொஞ்சம் போடட்டா மாப்பிள்ளை?" என்று முதலில் கேட்பது யாரை என்பது அந்த வீட்டுக் கரண்டிக்குக்கூடத் தெரியும்.

நிறுவனம் புதிதாக ஒரு பிரிவு தொடங்கியது. லிஃப்ட் நின்றுவிட்டது என்று யார் சொன்னாலும், கம்ப்யூட்டரே கேள்வி கேட்டுக் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை உருவாக்க ஆறு வாரப் பயிற்சி. யாருடைய அமைப்பு தேறுகிறதோ அவர்தான் பிரிவுத் தலைவர்.

பயிற்சியாளர் முதல் நாள் "தகவல் வேறு, அறிவு வேறு, ஞானம் வேறு" என்று மூன்று வட்டம் போட்டார். சாப்பாட்டு நேரத்துக்குள் மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. கடைசியில் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார்.

"ஒவ்வொரு விதிக்குக் கீழயும் யார் சொன்னது, என்னைக்குச் சொன்னது, யார் எழுதினதுன்னு குறிச்சு வைங்க. கம்ப்யூட்டர் ஒரு முடிவு சொன்னா, 'ஏன்'னு கேக்க ஒரு பொத்தான் இருக்கணும். அதை அமுக்கினா இதெல்லாம் வரணும்."

மூத்தவர் இதைக் குமாஸ்தா வேலை என்று ஒதுக்கிவிட்டு, மூன்று வட்டங்களையும் நோட்டில் அழகாக வரைந்துகொண்டார்.

அறிவு இருந்த இடம் புகார் மேஜை. பதினைந்து வருடமாக அங்கே போன் எடுக்கும் பெண்மணிக்குப் போன் அக்கா என்றே பெயராகிவிட்டது. நாலு கேள்வியில் கோளாறைப் பிடித்துவிடுவார். மூத்தவர் அவரிடம் எண்பத்தாறு கேள்விகள் அச்சடித்த தாளோடு போனார்.

"கோளாறுகளை எந்த அடிப்படையில வகைப்படுத்தறீங்க?"

"வகையெல்லாம் படுத்தறதில்ல சார். போன் வரும், எடுப்பேன்."

"அதையே கொஞ்சம் விரிவா..."

"வேகமா எடுப்பேன் சார்."

இளையவர் கேள்வியே கேட்கவில்லை. இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு நாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா தன் டீயில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுத்ததை மூத்தவர் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தார். அன்று இரண்டு மாத்திரை.

ஐந்தாம் வாரத்தில் மூத்தவரிடம் கையேட்டைப் பார்த்து எழுதிய முந்நூற்றுப் பன்னிரண்டு விதிகள் இருந்தன. எதைக் கேட்டாலும் அவர் கம்ப்யூட்டர் "மெக்கானிக்கை அனுப்பவும்" என்றது.

ஞாயிறன்று மாமியார் வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி ஆரம்பித்தாள்.

"உங்க சகலை நாப்பது விதிதான் எழுதியிருக்காராம். எல்லாம் கரெக்டா வருதாம்."

"நாப்பத வச்சுக்கிட்டு பொட்டிக்கடைகூட நடத்த முடியாது."

"நீங்கதான் முந்நூறு வச்சிருக்கீங்களே, நடத்துங்க."

சாப்பாட்டுக்குப் பின் இளையவர் லேப்டாப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டு, குழந்தைகளோடு பந்து விளையாடப் போனார். மூத்தவர் பென்டிரைவைச் செருகினார். நாற்பது விதிகளும் ஒரு தும்மல் நேரத்தில் இடம் மாறின. வீட்டுக்கு வந்ததும் முகப்பில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார். வேலை முடிந்தது என்று நினைத்தார்.

தேர்வு நாளில் மானேஜர், பயிற்சியாளர், போன் அக்கா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். சீனியர் என்பதால் மூத்தவருக்கு முதல் வாய்ப்பு. மானேஜர் ஒரு புகார் சொன்னார்: கீழ்த்தளத்தில் மட்டும் கதவு மூடமாட்டேன் என்கிறது.

கம்ப்யூட்டர் ஒரே கேள்வி கேட்டது: "நேற்று மழையா?"

"ஆமா."

"மெக்கானிக் வேண்டாம். ஈரத்தில் வழுக்கிய வாசல் மிதியடி கதவுத் தடத்தில் சிக்கியிருக்கும். காவலாளியிடம் அதை இழுத்துவிடச் சொல்லவும்."

மானேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா தலையாட்டினார். பயிற்சியாளர் கை நீட்டி 'ஏன்' பொத்தானை அமுக்கினார்.

திரையில், எழுதியவர் என்ற இடத்தில் இளையவரின் பெயர் வந்தது. அதற்கு மேல் இருந்த வரியை மானேஜர் சத்தமாகப் படித்தார்.

"சொன்னவர், எங்கள் அண்ணன். ஞாயிறு, மாமியார் வீட்டில் சாப்பிடும்போது. மழையில் டூல்ஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு போய் வெறும் மிதியடியை இழுத்துவிட்டு வந்ததாக அரை மணி நேரம் திட்டினார்."

தன் முறைக்காகப் பின்னால் காத்திருந்த இளையவர் எழுந்தார்.

"விஷயம் அண்ணனோடதுதான் சார். நான் சும்மா எழுதினேன்."

அதில் குத்தல் துளியும் இல்லை. அதுதான் மூத்தவருக்குப் பொறுக்கவில்லை. திருடன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். நல்லவன் என்ற பெயரையும் அந்த ஆள் அவர் கண்ணெதிரிலேயே தட்டிக்கொண்டு போனார்.

போன் அக்கா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அந்த எண்பத்தாறு கேள்வியில ஒண்ணு ரெண்ட உங்களையே கேட்டிருக்கலாம் சார்."

பதவி இளையவருக்குப் போனது.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டில் மூத்தவர் வாயை மெல்லுவதற்கு மட்டும் திறந்தார்.

"என்னண்ணே, இன்னிக்கு ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?" என்றார் இளையவர். அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு திறந்திருந்தது.

"சொல்லுங்களேன்," என்றாள் மூத்தவரின் மனைவி. "அவரு எழுதிக்குவாரில்ல."