டாக்டரம்மாவின் பச்சைத் திரை

ஊரின் முதல் பெண் டாக்டர் பட்டம் வாங்கிக் கல்லூரிப் படியிறங்கிய அன்று, ஐந்து வருடமாக வகுப்பில் அவரைச் சுற்றித் தொங்கிய பச்சைத் திரையும் கூடவே இறங்கி வந்தது. கம்பி இல்லை, வளையம் இல்லை. அவர் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. பையன்களின் கவனம் சிதறும் என்று கல்லூரி முதல்வர் கேட்ட திரை அது. தைத்துக் கொடுத்தவர் டாக்டரின் அம்மா, தெருவுக்கே தையல்காரம்மா. மகளுக்கு இடம் கிடைத்ததே பெரிது, திரை என்ன பிரமாதம் என்று இரட்டைத் தையல் போட்டார். "துணி கிழிஞ்சாலும் என் தையல் பிரியாது" என்று பெருமை வேறு. பட்டம் வந்த அன்று மாலையே அதைப் பிரிக்க உட்கார்ந்தார். மூன்று கத்தரிக்கோல் மழுங்கியதுதான் மிச்சம்.

ஊர் நாலு நாள் வாயைப் பிளந்தது, ஐந்தாம் நாள் வேலையைப் பார்க்கப் போனது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர்களுக்கு ஒரே நிம்மதி. ஒரு பெண் பக்கத்தில் வேலை செய்வதைப் பார்க்கத் தேவையில்லை. திரைக்கு ஒரு விதி இருந்தது: நோயாளிக்கு மட்டுமே விலகும், நன்றாக இருப்பவர்களுக்கு அது சுவர். பெண்கள் அலைமோதினார்கள், புருஷனிடம் சொல்லாததை எல்லாம் உள்ளே சொன்னார்கள். டாக்டரம்மா கைராசிக்காரர், அதனால் ஒருவரும் அதிக நாள் தங்கவில்லை, குணமானதும் திரை வெளியே தள்ளிவிட்டது. பெண் பார்க்க வந்த ஒருவர் திரையில் மூக்கை இடித்துக்கொண்டு திரும்பிப் போனார். பாவம், ஒரு சளி பிடித்திருந்தால்கூட உள்ளே விட்டிருக்கும்.

தையல்காரம்மாவுக்கோ கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு. ஒரே வீட்டில் முப்பது வருடம், திரைக்கு அடியிலிருந்த ஒரு சாண் இடைவெளியில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார். வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் பார்த்தார், திரை ஏமாறவில்லை. வேண்டுமென்றே மழையில் நனைந்தார். ஒரு தும்மல்கூட வரவில்லை. "உனக்கு நரைச்சிருச்சாடி?" என்று வெளியிலிருந்து கேட்பார். "நரைச்சிருச்சும்மா." "நிறையவா?" "காதுகிட்ட மட்டும்." டாக்டரம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, அம்மா ஒருமுறை உள்ளே வர வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. பெற்றவளுக்கு நோய் வரட்டும் என்று யார் வேண்டிக்கொள்வார்கள்?

முப்பத்தோராம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தட்டைத் தள்ளக் குனிந்த தையல்காரம்மாவின் நெற்றி அன்று திரையில் இடிக்கவில்லை. தலை உள்ளே போயிற்று, பின்னாலேயே ஆளும் போனார். "அட, விட்டிருச்சுடி!" என்று சிரித்தபடி மகளின் காதோர நரையைத் தொட்டார். டாக்டரம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட கையே கழுத்து, அக்குள், மார்பு என்று தேடத் தொடங்கியது. இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. ஆசைப்பட்டது கிடைத்ததற்கும் கிடைத்த விதத்துக்கும் சேர்த்து அவர் அழுதார்.

வெட்டியெடுத்ததும் தைத்ததும் மகளேதான். "என்னடி இது, கோணலா தைச்சிருக்க?" என்று அம்மா குறை சொன்னார். பத்தொன்பது நாள் ஒருவர் தலையை ஒருவர் வாரிவிட்டு, பேசித் தீராமல் பேசினார்கள். மருந்து ஒரு வேளை தவறினால் இன்னும் இரண்டு நாள் சேர்ந்திருக்கலாம் என்று இருவருக்கும் தெரியும். "மாத்திரைய நாளைக்குப் போட்டுக்கறேனே" என்றார் அம்மா. "வாயைத் தொறம்மா" என்றார் மகள். ஒரு வேளையும் தவறவில்லை. இருபதாம் நாள் காலை தையல்காரம்மா கண்விழித்தபோது திரைக்கு வெளியே கிடந்தார்.

அதன்பின் ஆஸ்பத்திரியில் தினமும் முதல் டோக்கன் அவருடையதுதான். திரைமுன் நின்று கையை நீட்டுவார், துணி அசையாது.

"இன்னிக்கும் ஒண்ணுமில்லையாடி?"

"ஒண்ணுமில்லம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

பிறகு ஒரு ஸ்டூலைத் திரையோடு ஒட்டிப் போட்டு, முதுகைச் சாய்த்து, சட்டைகளுக்குப் பட்டன் தைப்பார். உள்ளே டாக்டரம்மாவின் ஸ்டூலும் அதே இடத்தில் ஒட்டிக் கிடந்தது. முதுகு படும் அந்த இடத்தில் மட்டும் பச்சை வெளுத்துவிட்டது. அடுத்த டோக்கன்காரர்கள் கிழவியை இடிக்காமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள்.